முந்நூற்றுக்குக் கீழே

நடந்தவை, வரிசைப்படி:

1. வட்டார விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பள்ளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முந்நூறு பேரோ அதற்கு மேலோ படித்தால் ஏ பிரிவு. முந்நூற்றுக்குக் கீழே இருந்தால் பி பிரிவு.
2. எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேடுகளில் முந்நூற்று ஒன்பது பெயர்கள் இருந்தன. ஆகவே ஏ பிரிவு.
3. அந்த முந்நூற்று ஒன்பதில் பதினேழு பேர் பள்ளிக்கு வருவதே கிடையாது.
4. அதை எண்ணிக் கண்டுபிடித்தது நான்.
5. பதினேழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் போட்டிச் செயலாளரிடம் கொடுத்ததும் நான்.
6. எங்களை பி பிரிவுக்கு மாற்றினார்கள்.
7. எங்கள் பி.டி. டீச்சரை ஏனாமுக்கு மாற்றினார்கள்.

அந்த பி.டி. டீச்சர் என் சித்தி. அம்மாவின் தங்கை.

நான் இப்போது மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒன்று உடைந்துபோனால், கடைசியாக எதை மாற்றினோம் என்று பின்னாலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மேலே உள்ள ஏழு வரிகளையும் அப்படிப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் இல்லாமல் எழுத முயன்றேன், முடியவில்லை. அது இருக்கட்டும்.

முந்நூறு என்ற எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் இருந்தால்தான் உடற்கல்வி ஆசிரியர் இடம். ஒரு பிள்ளை குறைந்தாலும் அந்த இடம் கிடையாது. இருக்கிறவர் ‘உபரி ஆசிரியர்’ ஆகிவிடுவார், எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள். இந்த இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கிடைக்கிற அர்த்தம் இதுதான்: சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பெரிய பள்ளிகளோடு மோது. சின்னப் பள்ளிகளோடு ஆட வேண்டுமென்றால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஆடு. தனியார் பள்ளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நூறு பிள்ளைகள் இருந்தாலும் அவர்களே கோச் வைத்துக்கொள்வார்கள். ஒரு மேசையில் ஒருவர் ஒரு விதியை எழுதியிருக்கிறார், இன்னொரு மேசையில் இன்னொருவர் இன்னொன்றை எழுதியிருக்கிறார். நடுவில் இருந்த நாலடித் தூரத்தை யாரும் நடந்து கடக்கவில்லை.

இது இன்று எனக்குத் தெரியும். பதிமூன்று வயதில் முதல் விதி மட்டும்தான் தெரியும்.

எட்டாம் வகுப்பில் நான் கோ-கோ அணியில் சேர்ந்தேன். அந்த வருஷம் வட்டாரப் போட்டியின் முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே வந்தது ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கும் ஒரு பள்ளி. அவர்களுக்குச் சொந்த மைதானம், விளையாட்டுப் பெண்களுக்கென்று விடுதி, முதுகில் எண் போட்ட பனியன், இரண்டு கோச்சுகள். எங்களுக்குச் சீருடைச் சுடிதாரே விளையாட்டு உடை, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அவர்கள் எங்களில் ஒன்பது பேரையும் இரண்டு தடவை தொட்டு வெளியே அனுப்பினார்கள். நாங்கள் தொட்டது மூன்று பேரை. பதினெட்டுக்கு மூன்று.

ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி, “இவங்க ஏ-வா? யாருடி இவங்கள இதுல சேத்தது?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவள் குரலில் நக்கல்கூட இல்லை. நிஜமான ஆச்சரியம். நக்கலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் கேப்டன் அமலி வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். “இரு, செருப்பப் போட்டுட்டு வந்து பதில் சொல்றேன்” என்றாள். அப்புறம் செருப்பைத் தேடிக்கொண்டு போனவள் மைதானத்துச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

சித்தியின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

“நம்ம எதுக்கு சித்தி ஏ பிரிவு?”

“முந்நூத்தி ஒம்போது பேரு இருக்கோம்ல.”

“ப்ரேயர்ல அவ்ளோ பேரு நிக்கறதே இல்லியே.”

“இன்னா, எண்ணிட்டியா நீ?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “அதெல்லாம் பெரியவங்க விஷயம் பாப்பா. நீ டைவ் அடிக்கக் கத்துக்கோ” என்றாள்.

‘பெரியவர்கள் விஷயம்’ என்ற இந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ‘அந்தப் பதினேழு பேர் இல்லையென்றால் எனக்கு இங்கே வேலை இல்லை’ என்று ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்குப் புரிந்திருக்கும். பின்னங்களைப் புரிந்துகொண்ட பெண்ணுக்கு இது புரியாதா?

ஒன்பதாம் வகுப்பில் என் கையெழுத்தால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தலைமை ஆசிரியை அறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தினமும் காலையில் தேதி, பதிவு, வருகை என்று மூன்று வரிகள் எழுத வேண்டும். பத்து வகுப்புப் பிரிவுகளின் பதிவேடுகளையும் வாங்கி, கூட்டி, எழுதிவிட்டு, பதிவேடுகளை அலுவலகத்தில் அடுக்கிவைக்க வேண்டும். பதிவு எப்போதும் 309. வருகை மட்டும் மாறும். பலகையில் கோடு வளைந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அந்த அளவுக்குப் பெருமை.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பதிவேட்டில், பொங்கலுக்கு முன்பே குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்ட பெண்ணுக்கு வருகை போட்டிருந்தது. நான் அதைத் தவறு என்று நினைத்தேன். மறுநாள் அவளுக்கு ‘வரவில்லை’. அதற்கு அடுத்த நாள் மறுபடி வருகை. தவறு இப்படி ஒழுங்காக நடக்காது என்று அப்போதே தோன்றியது.

இரண்டு வாரம் எண்ணினேன். காலை வழிபாட்டில் வரிசைகளை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். பதினேழு பேர். எட்டுப் பேர் வீடு மாற்றிக்கொண்டு வெளியூர் போனவர்கள். ஐந்து பேர் மெட்ரிக் பள்ளிகளில் சேர்ந்தவர்கள். மூன்று பேர் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர்கள். ஒருத்தி மூளைக்காய்ச்சலில் செத்துப்போனவள். ஆறாம் வகுப்பு. அவளுக்காக எங்கள் பள்ளியே ஒரு நிமிடம் எழுந்து நின்றது. அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் வருகை போட்டிருந்தார்கள்.

அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்குத் தலைக்கேறியது. செத்தவளையும் சேர்த்துக் கணக்குக் காட்டி எங்களை அந்தப் பனியன்காரிகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று நினைத்தேன். யார் நிறுத்தியது, எதற்காக என்று யோசிக்கவில்லை. தாளை எடுத்து, ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு, பெயர், வகுப்பு, காரணம் என்று மூன்று பத்தியாக எழுதி, தலைப்பின் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் எல்லா பி.டி. ஆசிரியர்களும் கூடி அணிப் பெயர்களைக் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்ப என் கையெழுத்து வேண்டும் என்று சித்தி என்னையும் கூட்டிப்போனாள். ஒரு படிவம் குறைந்ததால் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனாள். நான் எழுந்து மேடைப் பக்கம் போனேன்.

போட்டிச் செயலாளர் வேறொரு பள்ளியின் பி.டி. மாஸ்டர். விசில் கயிறு கழுத்தில், டீ கையில்.

“சார், எங்க ஸ்கூல் பி பிரிவு சார்.”

“லிஸ்ட்ல ஏ-ன்னு இருக்கே.”

“அது தப்பு சார். இந்தப் பதினேழு பேரு வர்றதே இல்ல.”

தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “அடேங்கப்பா, கோடெல்லாம் போட்டு! யாரு எழுதுனது?”

விட்டுப்போன வரி இங்கேதான் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதினாள் என்றால் டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் எழுதினார் என்றால் ஃபைலில் போகும். பயந்து உளறிய பொய் அல்ல அது. யோசித்துச் சொன்ன பொய்.

“எங்க பி.டி. டீச்சர் சார். அவங்கதான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “அவங்களேவா?”

“ஆமா சார்.”

“நல்லா யோசிச்சுத்தான் குடுக்கச் சொன்னாங்களாம்மா?”

“ஆமா சார்.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரே கேள்வியை ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவரும் பி.டி. மாஸ்டர்தான். அவருக்கு அந்த இன்னொரு முந்நூறு தெரியும். தெரிந்துதான் கேட்டார். அப்படியென்றால் சித்தி திரும்பி வந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவள் நின்றது பத்தடித் தூரத்தில். கேட்கவில்லை. என் பொய்க்கு நான் பொறுப்பு. அவருடைய சட்டைப் பைக்கு அவர் பொறுப்பு.

எட்டு நாளில் அந்தத் தாளையும் இணைத்து எங்கள் பள்ளிக்குக் கடிதம் வந்தது. பெயர், வகுப்பு, காரணம் என்று எழுத்தில் வந்துவிட்ட பிறகு மறுக்க வழியில்லை, மேல் அலுவலகத்துக்கும் நகல் போயிருந்தது. பதினேழு பெயர்களையும் சிவப்பு மையால் அடித்தார்கள். திங்கட்கிழமை காலை கரும்பலகையில் ‘பதிவு 292’ என்று எழுதினேன். அந்த இரண்டை எவ்வளவு அழகாக வளைத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து சித்தி மதியச் சாப்பாட்டை ஆசிரியர் அறையில் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கோ-கோ தூணுக்குப் பக்கத்து வேப்பமர நிழலுக்கு வந்துவிடுவாள். தினமும் அவளோடு கீரையும் அப்பளமும் பங்குபோட்டுச் சாப்பிடும் கணக்கு டீச்சர் அந்தப் பக்கமே வரவில்லை. எங்கள் பயிற்சியைப் பார்க்கத்தான் சித்தி சாப்பாட்டு நேரத்திலும் வருகிறாள் என்று நினைத்தேன். அமலியிடம் அப்படித்தான் சொன்னேன். “டீச்சர் இந்த வாட்டி வெறியா இருக்காங்கடி” என்று நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, “அமலி, முதுகத் தொட்டுட்டு அப்புறம் கோ சொல்லு! வாய் முந்துது!” என்று கத்துவாள்.

பி பிரிவில் இரண்டு சுற்று ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் ஒரு தனியார் பள்ளியோடு தோற்றோம். அந்தப் பள்ளியின் லட்சணம் ஊருக்கே தெரியும். ஒரே மதில், ஒரே மணி, ஒரே பேருந்து. வாசலில் மட்டும் இரண்டு பெயர்ப்பலகை. அறுநூறு பிள்ளைகளை இரண்டு பள்ளியாகப் பதிந்து இரண்டையும் முந்நூற்றுக்குக் கீழே வைத்திருந்தார்கள். நாங்கள் இல்லாதவர்களைச் சேர்த்து மேலே ஏறினோம். அவர்கள் இருக்கிறவர்களைப் பிரித்துக் கீழே இறங்கினார்கள். அவர்களைப் பற்றி யாரும் பட்டியல் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அங்கே யாரும் உபரி ஆகியிருக்க மாட்டார்கள்.

நான் கொதித்துப்போய், “சித்தி, இவங்க ரெண்டு போர்டு வெச்சிருக்கறத நான் எழுதித் தரட்டுமா?” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “போதும் பாப்பா” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாம் பரிசுக் கோப்பையை வழிபாட்டில் வைத்துக் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியை அமலிக்குக் கை கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், அணியில் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தார். சித்திக்குக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஆர்டர் வந்தது. எங்கள் ஊரில் அரசு வேலையில் இருப்பவர்கள் வீட்டில் ஏனாம் என்று சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் புதுச்சேரிதான், ஆனால் ஆந்திராவுக்கு உள்ளே இருக்கிறது. சென்னைக்குப் போய், ரயில் ஏறி, காக்கிநாடாவில் இறங்கி, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். ஊர் முழுக்கத் தெலுங்கு. சித்தியின் மகளுக்கு அப்போது இரண்டு வயசு. சித்தப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஏனாமில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவதென்று முடிவானது. அம்மா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே அழுதாள். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு வந்தது அழுகை அல்ல.

“ஜெயிக்க ஆரம்பிச்சதும் விட்டுட்டுப் போறியே சித்தி. எங்கள வெச்சு ஒரு கப்பு வாங்கிட்ட, இனிமே நாங்க எதுக்கு?”

அம்மா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். சித்தி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஆர்டர் வந்தா போய்த்தானே ஆவணும் பாப்பா” என்றாள். பிறகு என் தலையில் கை வைத்து, “இனிமே எதையாவது எண்ணுனா, மொதல்ல எங்கிட்டக் கொண்டாந்து காட்டு. என்னா?” என்றாள்.

நான் எண்ணுவதில் கெட்டிக்காரி என்று பாராட்டுகிறாள் என நினைத்தேன். கோபத்திலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. “சரி” என்றேன். பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போகவில்லை.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, வேறு எதற்கோ எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையில் இது வெளியே வந்தது. “உன்னோட அந்த லிஸ்டாலதானேடி அவ அங்க போயிக் கெடக்குறா” என்றாள் அம்மா. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. மிச்சத்தையும் வாங்கினேன்.

கடிதம் வந்த அன்றே தலைமை ஆசிரியை சித்தியைக் கூப்பிட்டுத் தாளை மேசையில் வைத்திருக்கிறார். “உனக்காகத்தானேம்மா நாங்க இத்தன வருஷம் இந்தப் பேரையெல்லாம் வெச்சிருந்தோம். நீயே எழுதிக் குடுத்தியாமே?” என்று கேட்டிருக்கிறார். சித்தி தாளைப் பார்த்திருக்கிறாள். ஓரம் விட்டு, எண் போட்டு, ஸ்கேலால் இரண்டு கோடு. யாருடைய கை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அத்தனை படிவங்களை நிரப்பிய கை.

“ஆமா மேடம். நான்தான் எழுதுனேன்” என்றிருக்கிறாள்.

கணக்கு டீச்சர் உட்பட எல்லோரும் அவளோடு பேசுவதை நிறுத்தியது அதனால்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லி, என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

“உன்னுதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே டி.சி. குடுத்திருப்பாங்க. பதிவேட்டத் தொட்ட புள்ளைய எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்க?” என்றாள் அம்மா. என்னைக் காப்பாற்றியதாக அவர்கள் இருவரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் நன்றியைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு டி.சி. என்னை ஒன்றும் செய்திருக்காது. வேறு பள்ளியில் சேர்ந்து, வேறு கரும்பலகையில் எழுதியிருப்பேன். என் வீட்டிலேயே, என் பக்கத்துப் பாயில், ஒரு குழந்தை தன் அம்மா இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தபோது, அதற்குக் காரணம் யார் என்று தெரியாமல் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆறு வருஷம் அந்த நிம்மதியை யார் கேட்டது?

ஒன்றை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. நான் எண்ணியது சரி. பதினேழு பேர் வரவில்லை. செத்தவளுக்கு வருகை போட்டது தவறு. ஆனால் சரியாக எண்ணுவது ஒரு வேலை, அந்த எண் எங்கெங்கே போய் விழும் என்று பார்ப்பது வேறு வேலை என்பது அன்று எனக்குத் தெரியாது. அதைவிட, ஒருத்தி தன் மேல் போட்ட பொய்யைத் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து “வாய் முந்துது” என்று கத்த முடியும் என்பதும் தெரியாது.

இன்றைய நிலை இதுதான். எங்கள் பள்ளிக்கு அதற்குப் பிறகு பி.டி. டீச்சர் போடவில்லை, கோ-கோ அணியும் இல்லை. சித்தி ஏனாமில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, இப்போது வேறொரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கப் போன இரண்டு தடவையும் “சாப்டியா?” என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். அவள் மகள், பேசக் கற்றுக்கொண்ட வயசில் என்னைப் பார்த்துப் பழகியதால், என் அம்மாவை அம்மா என்றும் தன் அம்மாவைச் சித்தி என்றும் கூப்பிடுகிறாள். மாற்றிக் கூப்பிட எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வரவில்லை.